ஜெபம் போதும், ஆள் வேண்டும்

அந்தச் சபையில் இனி யாரிடமும் ஒரு குண்டூசிகூடக் கேட்பதில்லை என்று தையல்காரி சபதம் எடுத்ததற்குக் காரணம் மைக்கக்கா. சபை மூப்பரின் மனைவி அவள். ஜெப நேரத்தில் மைக்கைக் கையில் வாங்கினால் லேசில் விடமாட்டாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

தையல்காரியின் மகள், தினமும் அடித்த புருஷனை உதறிவிட்டுத் தாய்வீடு வந்திருந்த சமயம். தையல்காரி மைக்கக்காவை ஓரமாக அழைத்துப் போய்க் காதோடு சொன்னாள்: "யாருக்கும் தெரிய வேணாம்க்கா. அவளுக்கு ஒரு வேலை மட்டும் பாத்துக் குடுங்க."

அடுத்த ஞாயிறே மைக் முழங்கியது. "புருஷனை விட்டு ஓடி வந்திருக்கிற நம்ம தையல் சகோதரியோட மகளுக்கு நல்ல புத்தி குடும் ஆண்டவரே!"

மகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனவள் போனவள்தான். வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். அம்மா போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்பாள். அதோடு சரி.

தையல்காரி சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது மைக்கக்காவுக்கு ஜெயமாகிவிடாதா? முன்வரிசையில், மைக்கக்காவின் கண்ணுக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். மைக்கக்கா ரவிக்கை தைக்கத் துணி கொடுத்தபோது சிரித்த முகத்தோடு வாங்கி, அக்குள் பக்கம் ஒரு விரல்கடை இறுக்கிப் பிடித்துத் தைத்தாள். ஸ்தோத்திரம் என்று கையை உயர்த்தினால் பாதியிலேயே நின்றுவிடும்.

"நான் உடம்பு போட்டுட்டேனா?" என்று மைக்கக்கா கேட்டாள்.

"கொஞ்சம் போட்டுத்தான் இருக்கீங்க" என்றாள் இவள். அன்றைக்கு முழுக்கத் தையல்காரிக்கு மனசு குளிர்ந்து கிடந்தது.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவரைப் பக்கவாதம் சாய்த்தது அதற்குப் பிறகுதான். வாட்டசாட்டமான மனிதர். ஒரு பக்கம் முழுக்க மரத்துப்போய், வாயும் கோணிக்கொண்டது. முன்னறையில் தையல் மிஷினை ஒட்டி அவருக்குக் கட்டில் போட்டாள். வெட்டுத்துணிகளை ஒட்டி ஒரு திரை தைத்து நடுவில் தொங்கவிட்டாள். துணி கொண்டுவருபவர்களை வாசலிலேயே நிறுத்தி அளவெடுத்தாள்.

"எங்க, அண்ணனை ஆளையே காணோம்?" என்று சபையில் கேட்டால், "கிருபையா இருக்கார், ஓயாத டூட்டி" என்பாள்.

அவரைப் புரட்டுவது, கழுவுவது, துணி மாற்றுவது எல்லாம் ஒற்றை ஆளாக. முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். அந்த வலியிலும் ஒரு ருசி இருந்தது. ஒருநாள் இந்த வீட்டிலிருந்து சவப்பெட்டி கிளம்பும். சபையே வந்து திகைத்து நிற்கும். ஐயோ, நமக்குத் தெரியாமல் போச்சே என்று மைக்கக்கா மாரில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டே எத்தனையோ சட்டைகளுக்குக் காஜா எடுத்திருக்கிறாள்.

ஒரு காலை, அவரைப் புரட்டும்போது அவளுடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடி நழுவி அவர் தரையில் சரிந்தார். அவளும் பக்கத்திலேயே விழுந்தாள். அசைய முடியவில்லை.

"யாரையாவது கூப்பிடு" என்றார் அவர், குழறிக் குழறி.

"யாரைக் கூப்பிடச் சொல்றீங்க? அந்த ஜனங்களையா? செத்தாலும் மாட்டேன்."

"சாகப்போறது நான்டி. உன் வீம்புக்கு நான் ஏன் தரையில கிடக்கணும்?"

 யாரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தோம் என்று முதல்முறையாக யோசித்தாள். பிறகு கையில் அகப்பட்ட கத்திரிக்கோலால் சுவரைத் தட்டினாள். பக்கத்து வீட்டில் குழாய் சரிசெய்துகொண்டிருந்தவர் ஓடிவந்து இருவரையும் தூக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ஜெப விண்ணப்பம் கேட்கும் நேரத்தில் அவள் எழுந்து போய் மைக்கக்காவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.  கோபம்தான் அவளை அங்கே நிறுத்திவைத்தது.

"என் வீட்டுக்காரர் படுக்கையில கிடக்கார். கிருபையா இருக்கார்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். என்னால ஒண்டியா தூக்க முடியல. போன தடவை ரகசியமா உதவி கேட்டேன், அக்கா அதை மைக்ல சொன்னாங்க. என் பொண்ணு வீட்டை விட்டுப் போயிட்டா. அதான் இந்தத் தடவை நானே மைக்ல கேக்குறேன். ஜெபம் போதும். காலையில வந்து தூக்கிக் கழுவ ஆள் வேணும். முதல் ஆளா அக்கா வரட்டும்."

 மைக்கக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். தையல்காரிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது.

திங்கள் காலை, வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் மைக்கக்கா தன் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மன்னிச்சிடும்மா, நான் அப்போ..."

"அதெல்லாம் அப்புறம். வாளியை எடுங்க."

மூத்திரத் துணியை மைக்கக்காவிடமே கொடுத்தாள் தையல்காரி. முதுகைத் துடைக்கச் சொன்னாள். நாற்றத்தில் அவள் முகம் சுளிக்கிறாளா என்று கண்கொட்டாமல் பார்த்தாள். சுளித்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை. அவரைத் தூக்க எம்பியபோது மைக்கக்காவின் ரவிக்கையில் அக்குள் தையல் டர்ரென்று கிழிந்தது. கோணல் வாயால் அவர் கெக்கெக்கென்று சிரித்துவிட்டார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சபையிலிருந்து மற்றவர்களும் முறை வைத்து வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், பேக்கரிக்காரர் வந்தார். மைக்கக்கா திங்கள் தவறாமல் வந்தாள். மகளிடம் மன்னிப்புக் கேட்க நம்பர் கேட்டாள். தையல்காரி கொடுத்தாள். மகள் எடுக்கவில்லை. "அடுத்த வாரமும் போட்டுப் பாருங்க" என்றாள் இவள், ஊசியில் நூல் கோத்தபடி.

ஒரு திங்களன்று மகள் எடுத்துவிட்டாள். தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். போனுக்குள்ளிருந்து மகளின் குரல் அறைமுழுக்கக் கேட்டது. மைக்கக்கா சோப்புக் கையோடு நின்று, "ஆமாம்மா... தப்புதாம்மா..." என்று மட்டும் சொன்னாள். இவள் ஆசைதீரக் கேட்டாள்.

பிறகு மைக்கக்கா போனை நீட்டினாள். "உன்கிட்ட பேசணுமாம்."

"அப்பா படுத்த படுக்கையா இருக்கார்னு நேத்து ஊர்க்காரி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள் மகள். "என்கிட்ட கேக்கறதுக்கு என்னம்மா கூச்சம்?"

தையல்காரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 

"எனக்கு முடியலடி. வர்றியா?"

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வர்றேன். ஆனா அந்தம்மா அங்க இருக்கக் கூடாது."

"இருப்பாங்க" என்றாள் தையல்காரி, மைக்கக்காவைப் பார்த்துக்கொண்டே. "திங்கக்கிழமை கழுவுற முறை அவங்களோடது."