ராட்சதனுக்கு மரியாதை விகுதி

1

ஒளிப்பானேன், இது கட்டுரையாகத்தான் பிறந்தது. 'ஜப்பானிய ராட்சத மிருகப் படங்கள் நமக்கு ஏன் பிடிக்கின்றன?' என்று ஒரு சிற்றிதழ் ஆசிரியர் கேட்டார். அணுகுண்டு, கடல், கூட்டு நனவிலி என்று அறிவாளித்தனமாக நாலு பக்கம் எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. ரப்பர் உடுப்புக்குள் ஓர் ஆள் வியர்த்துக்கொண்டு அட்டைக் கட்டடங்களை மிதிக்கிறான், நாம் கைதட்டுகிறோம். இதற்குத் தத்துவம் வேறா?

(எனக்குப் பிடித்தது அந்த ஊர் ஜனங்களைத்தான். மிருகத்தைக் கண்டதும் ஓடுகிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2

ஆகவே கதை. முதல் தொடக்கம்: காரைக்குடி ஊருணியிலிருந்து ஒரு மிருகம் எழுந்தது. அதன் வால்—

வேண்டாம். நம்மூரில் யார் ஓடுவார்கள்? "எங்குட்டு இருந்து வாரீக? சாப்பிட்டீகளா?" என்று கேட்டு இலை போட்டுவிடுவார்கள்.

எழுதிவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இதே உபசாரத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

3

அமராவதிபுதூர். கல்யாணசுந்தரி புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். புருஷன் பெயர் ஏகப்பன். [முதல் வரைவில் அவனைக் குடிகாரனாக்கியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். குடி என்றதும் நீங்கள் பாதி மன்னித்துவிடுவீர்கள்.] கோபம் வந்தால் மிக்சி பறக்கும், டிவி உடையும். இந்த முறை உடைந்தது அவளுடைய மணிக்கட்டு.

கட்டுப்போட்ட கையோடு, அண்ணன் முத்தரசு பார்க்கிற ஜப்பான் படத்தை அவளும் பார்க்கிறாள். மிருகம் ரயிலைக் கடிக்கிறது.

"ஏண்ணே, இத யாரும் கொஞ்சம் கோவக்காரகன்னு சொல்லலையா?"

"யார?"

"இந்த மிருகத்தத்தான். நேரா டாங்கிய அனுப்புறாக, பாரு."

அடுப்படியிலிருந்து அம்மா பொன்னுத்தாயி குரல் கொடுக்கிறாள்: "மாப்பிள்ளை சாயங்காலம் ஒன்னயக் கூப்புட வாராக. கோழி அடிச்சுக் கொழம்பு வச்சிருக்கேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாத. அவுக கொஞ்சம் கோவக்காரக, அம்புட்டுத்தான்."

விகுதியைக் கவனித்தீர்களா? கையை உடைத்தவனுக்கும் 'வாராக'. டோக்கியோவில் பீரங்கி வருகிறது, நம்மூரில் கோழிக்குழம்பு வருகிறது.

4

முடிவுகள் யோசித்தேன். முத்தரசு ஏகப்பனை அடிக்கிறான்: நாளைக்கே மச்சானோடு டீ குடிப்பான், நம்பாதீர்கள். ஏகப்பன் திருந்தி அழுகிறான்: அட, போங்கய்யா! ஊருணி மிருகம் வந்து ஏகப்பனை மிதிக்கிறது: எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அவசரத்துக்கு மிருகம் கிடைப்பதில்லை, மாப்பிள்ளைதான் கிடைக்கிறார்.

['கிடைக்கிறார்'! பாருங்கள், எனக்கும் தானாக வருகிறது.]

5

வண்டிச் சத்தம். ஏகப்பன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். "வாங்க மாப்பிள்ளை" என்று பொன்னுத்தாயி ஓடி வருகிறாள். முத்தரசு டிவியை அணைக்கிறான். கல்யாணசுந்தரி எழுந்துபோய் நிலைப்படியை மறித்து நிற்கிறாள். தாலி ஏறிய நாள்முதல் அவனிடம் மரியாதை குறையாமல் பேசியவள்.

"ம், கெளம்பு" என்கிறான்.

அவள் நகராமல் கேட்கிறாள்:

"இங்க எதுக்கு வந்—"

'தீக' என்று முடித்தால் பெட்டி வண்டியில் ஏறிவிடும். வெறும் 'த' என்று முடித்தால் அந்த வீட்டுக்குள் முதல் பீரங்கி வந்துவிடும். நான் பேனாவை மூடிவிட்டேன். என் கையில் விட்டால் என்ன விகுதி வரும் என்று மேலேயே பார்த்தீர்கள். நீங்கள் முடியுங்கள். குழம்பு ஆறுகிறது என்று பொன்னுத்தாயி அவசரப்படுத்துவாள். ஆறட்டும்.