நான் மறைத்த பதிமூன்று மாதம்

“எங்க பொறந்தீங்க?”

“திருச்சி ஜில்லா, துறையூர்ப் பக்கம்.”

“எந்த வயசுல தோட்டத்துக்கு வந்தீங்க?”

“ஏழு வயசுல. அப்பாகூட.”

“கலியாணம்?”

“முப்பத்தாறாம் வருஷத்துல.”

“பொண்ணு யாரு?”

“நீதான்டி, அங்கம்மா. அதையுமா மறப்பேன்?”

மறந்துதான் இருந்தார். ஐம்பத்து மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் இராமசாமிக்கு ஒரே நாளில் நாலு தடவை வலிப்பு வந்தது. தெளிந்து எழுந்தவருக்குத் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கத் தெரிந்தது, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வழி தெரிந்தது. வாழ்ந்த வாழ்க்கைதான் ஓட்டை ஓட்டையாய்ப் போயிருந்தது. எங்கள் கலியாணம், மகள் பிறந்தது, அவர் அம்மா செத்தது, எல்லாமே நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு மாத்தளைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்தது. கிடைக்காதவர்களுக்கு இந்தியாவுக்குக் கப்பல்தான் என்று லயம் முழுக்கப் பேச்சு. மனுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்; பெண்டாட்டி வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் தினமும் நான் விசாரிக்கிற துரையாகி இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் இருந்தவருக்குக் கிடைக்காது என்றார்கள். இவர் இருந்திருக்கிறார். நாற்பத்தேழு தையில், அம்மா படுத்த படுக்கை என்று பத்து நாளுக்குப் போனார். அந்தம்மா உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தது. கொள்ளி வைத்துவிட்டு மறு வருஷம் மாசியில்தான் திரும்பினார். பதிமூன்று மாதம். அந்த வருஷம் வேலைக்கு வந்தவர்கள் பேர் எழுதிய செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். கப்பல் சீட்டை நான் அடுப்பில் போட்டேன். மிச்சம் அவர் ஞாபகம்தான். அதுவும் என் கையில்தானே இருந்தது.

“அம்மா சாவுக்கு நான் போனேனா?”

“கடுதாசி பிந்தி வந்துச்சு. நீங்க போகல.”

அன்றைக்கு அவர் சோறு தொடவில்லை. அமாவாசைக்கு இலை போட்டால் தள்ளிவிட்டார்.

“எடு அதை. ஒரே மகன் கொள்ளி வைக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எள்ளும் தண்ணியும் விடுறது?”

விசாரணை முடியட்டும், சொல்லிவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விசாரணையன்று பலாபத்வல வரை நடந்து இறங்கி பஸ் பிடித்தோம். துரை கேட்டதைச் சிவராசா என்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் தமிழில் சொன்னார். நான் பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பிறந்த ஊர், வந்த வயசு, கலியாணம், எல்லாம் தட்டாமல் வந்தது.

“நீர் இடையிலை இந்தியாவுக்குப் போனனீரோ?”

“இல்லீங்க.”

“ஒருக்காலும்?”

“பெத்தவ சாவுக்கே போகாத பாவிங்க நான்.”

துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சிவராசா எழுதுவதை நிறுத்தினார். துரையிடம் மெல்ல ஏதோ சொன்னார். துரை தலையாட்டினார்.

“சரி, அழாதையும். போயிட்டு வாரும்.”

அந்த அழுகையில் பொய் இல்லை. அதனால்தான் நம்பினார்கள்.

பஸ் நிற்கிற இடத்தில் பிளேன்டி வாங்கிக் கொடுத்தேன்.

“ஒண்ணு சொல்லணும். நீங்க போனீங்க. அம்மாவுக்கு நீங்கதான் கொள்ளி வச்சீங்க.”

கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் நின்றது.

“அப்ப நான் தொரைகிட்ட சொன்னது?”

“நீங்க பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

திட்டுவார் என்று பார்த்தேன். கண்ணை மூடித் தேடினார்.

“ஒண்ணும் வரலயே அங்கம்மா. சொல்லு.”

“மாசக்கணக்கா நீங்களே கஞ்சி ஊட்டுனீங்களாம். கடைசில அம்மாவுக்கு உங்களையே அடையாளம் தெரியலயாம். ‘யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருப்பே’ன்னாங்களாம். ஆத்துல தண்ணி இல்லாம மணலைத் தோண்டிக் குடத்தை நெரப்புனீங்களாம்.”

“நீ பாத்தியா?”

“இல்ல. நீங்க வந்து சொன்னதுதான்.”

“சீட்டு?”

“எரிச்சிட்டேன்.”

தேத்தண்ணியைக் கீழே ஊற்றினார்.

“அப்ப இதும் நீ சொல்றதுதான்.”

நாலு மாதத்தில் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அவர் அதைக் கையில் வாங்கவில்லை. நான்தான் தகரப் பெட்டியில் வைத்தேன்.

அதற்கடுத்த அமாவாசைக்கும் இலை போட்டேன். இந்த முறை உட்கார்ந்தார். எள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மறுபடி சொல்லு.”

கஞ்சி, அம்மா சொன்னது, மணல், தண்ணீர், எல்லாம் சொன்னேன்.

“அன்னைக்குக் குடம்னே. இப்ப சட்டிங்கிற?”

“குடந்தான். வாய் தவறிடுச்சு.”

என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தண்ணீர் விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் கேட்டார். ஒரு சொல் மாறாமல் சொன்னேன். நடந்ததைத்தான் சொன்னேன். ஆனாலும் அடுப்படியில் நின்று, அவருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, எனக்கு நானே பாடம் பண்ணிக்கொண்டுதான் இலைக்குப் போவேன்.