வெளியேறும் முறை

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மேற்பார்வையாளர் ஒரு தாளைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். அப்போதுதான் தங்கை தொட்டிக்குள் மருந்தைச் செலுத்தி முடித்துக் குழாயை மூடிக்கொண்டிருந்தாள். தொட்டியில் அத்தனை நாள் வளர்ந்த கிருமி இனிச் சாக வேண்டியதுதான் பாக்கி.

'அக்கா மயங்கிட்டாங்க. வா' என்று எழுதியிருந்தது.

காலையில் சாப்பிடாமல் கிளம்பினால் இப்படித்தான். சொன்னால் கேட்டால்தானே என்று முனகியபடி தங்கை வெளியேறத் தொடங்கினாள்.

இருவருக்கும் ஒரே தடுப்பூசித் தொழிற்சாலை; அக்காவுக்கு முட்டைப் பிரிவு. ஒவ்வொரு முட்டையையும் விளக்கருகில் பிடித்து, உள்ளே நரம்பு சிவப்பாய் ஓடுகிறதா என்று பார்ப்பாள். உயிருள்ள முட்டைக்குள்தான் கிருமி வளரும். காலையில் பேருந்தில் இன்றும் யார் ஊசி உசத்தி என்ற பேச்சுதான்.

"எங்க கிருமி பல்லு புடுங்கின பாம்புடி. உயிரோடவே ஊசியில போகும். உங்களுது செத்த பாம்பு."

"செத்துச்சான்னு எத்தன நாள் சோதிச்சு அனுப்பறோம் தெரியுமா? உன்ன மாதிரி வெளக்குல காட்டிட்டுச் சொல்றதில்ல."

"புதுக் கட்டடத்துக்காரங்களப் பாரு. அங்க பாம்பே கிடையாது. பாம்பு எப்படி இருக்கும்னு உடம்புக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பிடறாங்க. பொழைக்கத் தெரிஞ்சவங்க."

மேல் கையுறை, உள் கையுறை, அங்கி, காலுறை. எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கூடையில் போட்டாள். ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும். தலையோடு ஐந்து நிமிடம் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பது விதி. மணி அடித்த பிறகும், விடுமுறை நாளில் குளிப்பதுபோல், தலைக்கு இன்னொரு முறை சோப்புப் போட்டாள். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'அக்காவுக்கு மயக்கம்' என்று குண்டு குண்டாக எழுதினாள். போகிற வழியில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டாள்.

முட்டைப் பிரிவு வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அக்கா நீளப் பெஞ்சில் கிடந்தாள். அவள் மணிக்கட்டிலிருந்து செவிலி அப்போதுதான் கையை எடுத்தார்.

"இப்பத்தாம்மா. ஒரு நிமிஷம்கூட ஆகல."

"என்னது இப்பத்தான்?"

செவிலி அக்காவின் கால்களைச் சேர்த்து நேராக்கினார்.

பக்கத்து மேசைக்காரிதான் சொன்னாள். "ரெண்டு தடவ கண்ண முழிச்சாங்க. உன்னத்தான் கேட்டாங்க. அப்புறம் அவங்களே, 'குளிச்சிட்டிருப்பா, வந்துடுவா'ன்னாங்க."

"முறைப்படிதானேம்மா வந்திருக்கே," என்றார் மேற்பார்வையாளர். "உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"ஆமா சார்."

பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்காவின் கைப்பக்கம் வைத்தாள். குனிந்தபோது ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு அக்காவின் கன்னத்தில் விழுந்தது. விரலால் துடைத்தாள். இன்னொன்று விழுந்தது. அதையும் துடைத்தாள்.