மிச்சமான அழைப்பிதழ்கள்

எங்கள் சின்னவள், என் தங்கை, தன் பதிவுக் கல்யாண அலங்காரத்துக்கு ஒரு நிபந்தனை போட்டாள். புதிதாக எதையும் வாங்கக் கூடாது. பிளாஸ்டிக், தெர்மாகோல், கம்பி எதுவும் ஆகாது. வீட்டில் கிடப்பதை வைத்து நம் கையால் செய்ய வேண்டும். மாப்பிள்ளையும் தலையாட்டிவிட்டார். தலையாட்டுவது சுலபம். வெட்டி ஒட்டப் போவது அவர் இல்லை.

வெட்டி ஒட்டியது நானும் அக்காவும். நைட் ஷிப்ட் வேலையை விட்டு நான்கு மாதமாக நான் வீட்டில் கிடந்தேன். அதனால் என்னை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அக்கா செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை மெழுகில் சுரண்டி எடுக்கிற கை அவளுக்கு. காகிதப் பூவெல்லாம் அந்தக் கைக்கு விளையாட்டு.

முதல் நாளே அவள் சின்னவளிடம் சொல்லிவிட்டாள்.

"எல்லா வேலையும் செஞ்சு தர்றேன். அன்னிக்கு மண்டபத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. எனக்கு லீவு கிடையாது."

லீவு கிடைக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அக்காவுக்கு நிச்சயமான கல்யாணம், பன்னிரண்டு நாள் இருக்கும்போது நின்றுபோனது. அந்த ஆள் ஒரே வரியில் செய்தி அனுப்பினான். அதன் பிறகு அவள் எவர் கல்யாணத்துக்கும் போனதில்லை. சின்னவள் இரண்டு முறை கெஞ்சினாள், ஒரு முறை சண்டை போட்டாள், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"அக்கா இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்னு ராத்திரியெல்லாம் அழறாடா" என்று அம்மா என்னிடம் சொன்னாள். என்னிடம் சொன்னால் நான் ஏதாவது செய்துவிடுவேன் என்று அம்மாவுக்கு ஒரு நினைப்பு. நான் எதுவும் செய்யவில்லை.

மூங்கிலில் ஒரு வளைவு கட்டி, அதன்மேல் முந்நூறு பூ வைப்பதாகத் திட்டம். பதிவாளர் உட்காரும் மேசைக்கு மேலே அது நிற்க வேண்டும். செய்தித்தாளில் நூறு பூ செய்தோம். மறுநாள் காலையில் நூறும் தொங்கிப்போயிருந்தன.

"இது பூவா, பஸ்ல கசக்கிப் போட்ட டிக்கெட்டா?" என்றாள் அக்கா.

"தாள் அவ்வளவுதான். நான் என்ன பண்ணட்டும்?"

"கெட்டித் தாள் வேணும்." அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பரண்மேல ஒரு பெட்டி கிடக்கில்ல?"

அந்தப் பெட்டியில் அக்காவின் கல்யாண அழைப்பிதழ்கள் இருந்தன. கொடுத்தது போக மிச்சம் முந்நூற்று நாற்பது. தூக்கிப் போடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அம்மா அதைப் பரணில் தள்ளியிருந்தாள்.

"அது வேணாம்மா" என்றாள் அம்மா. "நல்ல காரியத்துக்குப் போய் அதை..."

"ஏன், கடிக்குமா?"

"அக்கா, நான் கடையிலயே வாங்கிக்கறேன்" என்றாள் சின்னவள்.

"ஒரு தாள்கூட வாங்கக் கூடாதுன்னு மூணு வாரமா எங்க உயிரை எடுத்தது யாருடி? உன் சட்டம் உனக்கே இனிக்கலையா? டேய், ஏறு மேல."

ஏறினேன். நல்ல தடித்த தாள், பால் நிறம். ஒரு பக்கம் மட்டும் அச்சு, அதுவும் வெளிர்ப் பொன்னில். அக்கா ஒரு அழைப்பிதழை எடுத்து ஆறு இதழ் வெட்டி, கத்தி முனையால் இழுத்துச் சுருட்டி, கோதுமைமாவுப் பசையில் ஒட்டிக் காட்டினாள்.

"எழுத்து அடிப்பக்கம் போகணும். வெறுந்தாள் பக்கம் மேல. புரியுதா, மரமண்டை?"

அவன் பெயருக்குக் குறுக்கே கத்தரிக்கோல் போனபோது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுத்த இதழுக்குப் போனாள்.

"என்ன பார்வை? ஒட்டு."

நான்கு நாளில் முக்கால்வாசி முடிந்தது. கடைசி இரண்டு நாள் லேபில் வேலை அதிகம் என்று அவள் போய்விட்டாள். மீதியை நான் தனியாகச் செய்தேன். எங்கள் கூடத்துக் குழல்விளக்கில் அந்தப் பொன் எழுத்து கண்ணுக்கே தெரியாது. ஒரு கட்டு இதழ்களை முழுக்கத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அது எனக்குத் தெரிந்தது கல்யாணத்தன்று காலையில்தான்.

மண்டபத்தின் கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னல். வெயில் நேராக வளைவின்மேல் விழுந்தது. அத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பூவின் முன் நின்றாள்.

"டேய், இங்க வா. பூவுல 'குடும்பத்துடன் வருக'ன்னு எழுதியிருக்கு."

"சும்மா இருங்க அத்தை."

"இந்தா, இதுல நம்ம பெரியவ பேரு. பக்கத்துல பாதி பேரு இருக்கே, இது அந்தப் பய பேருதானே?"

அவன் பேர்தான். எண்ணிப் பார்த்தேன், அறுபது பூ. விருந்தினர் வர ஒரு மணி நேரம் இருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இதழ் கிழிந்து கையோடு வந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

லேப் இரண்டு தெரு தள்ளித்தான். கால் மணியில் வந்துவிட்டாள். மேலே வேலை அங்கி, அதில் பல் அச்சு வார்க்கும் சாந்துத் தூள், கையில் மெழுகு சுரண்டும் சின்னக் கத்தி.

"கண்ணை எங்கடா அடகு வச்சே?"

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் அதில் ஏறினாள். கத்தியை இதழின் அடியில் செருகி, நெம்பி, திருப்பி, பசை வைத்து அழுத்தினாள். ஒரு பூவுக்கு அரை நிமிடம். நான் மறுபக்கம் நின்று எழுத்துத் தெரிகிற பூக்களைத் தேடிக் காட்டினேன்.

"நீ வரமாட்டேன்னாங்களே?" என்றாள் அத்தை.

"வரலை அத்தை. ரிப்பேருக்கு வந்திருக்கேன்."

ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அக்கா திரும்பிப் பார்க்காமல் வேகமாக வேலை செய்தாள். இன்னும் பதினைந்து பூ இருக்கும்போது ஒரு பூவைச் சற்று அழுத்தி இழுத்தாள். வளைவின் மூங்கில் கால் அவள் பக்கம் சாய்ந்தது. நனைத்துக் கட்டினால் முடிச்சு இறுகும் என்று முந்தின நாள் சணல் கயிற்றை ஊறவைத்துக் கட்டியவன் நான். காய்ந்ததும் அது தளர்ந்துபோயிருந்தது. அவள் கீழே குதித்து இரண்டு கையாலும் காலைப் பிடித்தாள். மறு காலை நான் பிடித்தேன். மாமா கயிறு தேடி ஓடினார்.

அந்த நேரம் பார்த்துப் பதிவாளர் பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் இரண்டு கல்யாணம் இருந்ததாம். பின்னாலேயே சின்னவளும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

சின்னவள் அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அழுது மையைக் கலைக்காதே" என்றாள் அக்கா. "விட்டா விழுந்துடும், அதான் நிக்கறேன். சீக்கிரம் போடு கையெழுத்தை."

பதிவாளர் எதையும் அவசரமாகப் படிக்கிறவர் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விட்டார். மண்டபம் முழுவதும் எங்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. அக்காவைப் பார்க்க எல்லோருக்கும் இருந்தது. அவள் முகத்துக்கு நேராக, திருப்பாமல் விட்ட ஒரு பூ. அதில் அவளுடைய கல்யாணத் தேதி.

"உன் பக்கம் எத்தனை பாக்கி?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"பதினொண்ணு. யாரும் படிக்க மாட்டாங்க."

"அத்தை படிச்சாங்களே."

"அத்தை டாக்டர் எழுதினதையே படிப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வளைவு ஆடியது. முன்வரிசை ஆட்கள் பயந்து காலை மடக்கினார்கள்.

சின்னவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்ததும் கைதட்டல். போட்டோக்காரர் முன்னால் வந்தார்.

"அந்த ஓரத்துல அங்கி போட்டிருக்கறவங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க."

"அவங்க எங்க அக்கா" என்றாள் சின்னவள். "அப்படியே எடுங்க."

எடுத்தார். கயிறு தேடிப் போன மாமா திரும்பவே இல்லை. எனக்குத் தோள் இற்றுப்போனது. ஒரு உறவுக்காரர் வந்து அக்காவின் பக்கத்தைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நீ வேலைக்குப் போகணுமாமே. போம்மா, நான் பாத்துக்கறேன்."

அக்கா மூங்கிலை விடவில்லை. "பரவாயில்லை சித்தப்பா. அந்தப் பக்கம் அவனை மாத்துங்க, அவன் முகமே சரியில்லை." பிறகு சின்னவளைப் பார்த்து, "தாகமா இருக்குடி" என்றாள்.

சின்னவள் தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தாள். பாதி மோவாயில் வழிந்து அங்கிக்குள் போனது. அக்கா மூச்சு வாங்கி, "ஒழுங்கா ஊட்டத் தெரியுதா உனக்கு?" என்றாள். "இன்னொரு கிளாஸ் கொண்டா."