இறக்கி மாட்டிய டியூப் லைட்டுகள்

எங்கள் குடும்பத்தில் ஒரு வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி ஒரு முதியோர் இல்லம் நடத்துகிறார். அங்கே தோட்டம் போடப் போவதாக அவர் சொன்னபோது, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "தக்காளி நாத்து எங்க வீட்டுலேருந்துதான் வரும்" என்று எழுந்து நின்று சொன்னவன் நான்.

நாற்று வளர்ப்பவள் என் மருமகள். சன்னல் இல்லாத பின்னறையில், நாலு தட்டு இரும்பு அலமாரிதான் அவளுடைய தோட்டம். சூரியனுக்குப் பதில் டியூப் லைட். பழைய தடித்த குழல்கள் மங்கிவிட்டதால் புதிது வாங்க இருவரும் கடைக்குப் போனோம்.

நான் மஞ்சள் வெளிச்சம் தரும் குழலை எடுத்தேன். நாற்றை எடுத்துப்போகச் சம்பந்தி வந்து பார்க்கும்போது அறை களையாக இருக்க வேண்டாமா?

"அது சாப்பிடற ரூமுக்கு நல்லா இருக்கும், மாமா. நாத்துக்கு வெள்ளை வெளிச்சம்தான் வேணும்" என்றாள். அதிலும் மெல்லிய குழலாகத் தேர்ந்தெடுத்தாள். தட்டுகளுக்கு நடுவில் இடத்தை அடைக்காது, சூடும் குறைவு, இலைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடலாம் என்றாள். நியாயமாகப் பட்டது. விட்டுக்கொடுத்தேன்.

விதை முளைத்த கையோடு, தண்ணீர் ஊற்றும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அன்றுதான் எலக்ட்ரீஷியன் வந்தார். அவள் சொல்லியிருந்தபடி, நாற்றுக்கு நாலு விரல் மேலே விளக்குகளைச் சங்கிலியில் தொங்கவிட்டார். நின்று பார்த்தால் விளக்கின் தகர முதுகுதான் தெரிந்தது. நாற்றைப் பார்க்கக் குனிய வேண்டும். சம்பந்தியை என் வீட்டில் குனிய வைப்பதா?

"எல்லாத்தையும் அந்தந்தத் தட்டோட உச்சிக்கு ஏத்துப்பா."

"ஐயா, லைட்டு செடிக்கா, விருந்தாளிக்கா?"

"சொன்னதைச் செய்."

"செஞ்சுடறேன். செடி ஒண்ணும் எங்கிட்ட வந்து அழப்போறதில்ல."

மருமகள் திரும்பி வந்தபோது நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடி நூல் நூலாக நீண்டு, தலை சாய்ந்து கிடந்தன.

"லைட்டை யாரு மாமா ஏத்தினது?"

"நான்தான். சம்பந்தி குனியக் கூடாது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவர் நிமிர்ந்து நிக்கணும்னு நாத்து படுத்துடுச்சே, மாமா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்கப்பா சொன்ன நாத்து எங்கே?" என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் கேட்டால் போதும், என் மகள் தலை குனிவாள். கடையில் வாங்கி வைத்துவிடலாமா என்ற பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதைவிட இல்லை என்று சொல்வதே மேல்.

"முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. தக்காளித் தண்டைப் புதைச்சா, புதைச்ச இடத்துலயும் வேர் விடும்" என்றாள்.

ஒவ்வொரு நாற்றையும் இலைக்குக் கீழ்வரை புதைத்து, உயரமான கிண்ணங்களுக்கு மாற்றினாள். நான் சங்கிலியைத் தளர்த்தி விளக்குகளைக் கீழே இறக்கினேன். புதிய இலை வரும்வரை எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

சம்பந்தி வந்தார். "எங்கே நம்ம நாத்து?" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் இடுப்பை மடித்துத் தட்டுக்குள் தலையை நுழைத்துவிட்டார்.

"அடேயப்பா! குட்டையா, என்ன கெட்டியா நிக்குது! எங்க ஆளுங்க போன தடவை வாங்கிட்டு வந்ததெல்லாம் வெறும் நூலு. சம்பந்தி, இங்க வந்து பாருங்க."

நான் நின்ற இடத்திலேயே தலையாட்டினேன்.

"என்ன, முதுகு பிடிச்சிருக்கா?"

மருமகள் பின்னால் இருமினாள். குனிந்தேன். வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொரு தண்டும் நேராக நின்றது. பல நாளாக அடைத்துக் கிடந்த மூச்சை விட்டேன். எதிரே இருந்த இலைகள் லேசாக ஆடின.

"எல்லாம் என் மருமக கைவேலை" என்றேன்.

"லைட்டு மட்டும் மாமா மேற்பார்வை" என்றாள் அவள்.