விரட்டப்படும் வேஷம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு நாடகம் என்றால் உயிர். ஒரே குழாயில் எல்லாரும் தண்ணீர் குடிக்கும் உரிமைக்காகப் போராடிச் சிறைக்குப் போன தலைவரின் கதையைச் சும்மா வாசித்துக் காட்டினால் எந்த வாண்டின் மண்டையிலும் ஏறாது. அதனால் அட்டையில் குழாய் செய்தாள், வசனம் எழுதினாள், வேஷங்களையும் பிரித்துக் கொடுத்தாள். தலைவர் வேஷம் அதே வகுப்பில் படிக்கும் தன் மகனுக்கு. குழாயடியிலிருந்து விரட்டப்படும் பெண்ணாக, பள்ளிக்கூடம் பெருக்கும் ஆயாவின் மகள்.

ஒத்திகை அமர்க்களப்பட்டது. "போ அந்தப் பக்கம்! இது எங்க குழாய்!" என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்த, அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினாள். சொல்லிக் கொடுக்காமலே அவ்வளவு தத்ரூபம். டீச்சருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

நாடகத்துக்கு முந்தின நாள், கடைசி ஒத்திகை தொடங்குமுன் அந்தப் பெண் டீச்சரின் மேஜையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு எங்கம்மா பார்க்க வர்றாங்க. எனக்கு வேற வேஷம் தர்றீங்களா?"

"ஏம்மா, நல்லாத்தானே பண்றே?"

"எங்கம்மா அழுதுடுவாங்க டீச்சர். இதுக்கு என்னை ஏன் எடுத்தீங்க?"

டீச்சர் ஒரு காரணம் தேடினாள். குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமென்றால், அந்த வேஷத்துக்கு வசனமே கிடையாது. கூச்சமில்லாத பிள்ளை என்று சொல்லலாமென்றால், வகுப்பிலேயே இவள்தான் கூச்சக்காரி. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. தான் செய்ததற்குக் காரணம் தனக்கே தெரியாமல் போகுமா என்ன?

"சரி, நீதான் தலைவர்." மகன் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். விரட்டப்படும் வேஷத்துக்கான கிழிந்த துண்டை மகனிடம் நீட்டினாள்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் மாட்டேம்மா. அது அவ வேஷம்."

"நாடகத்துல என்னடா அவ வேஷம், உன் வேஷம்? யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

அவன் திருதிருவென்று விழித்தான். "நீதானேம்மா அவளுக்குக் குடுத்தே?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பியவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் விளங்கவில்லை.

டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் ஆயாவின் மகள் கோட்டுப் பொத்தானை அவிழ்க்கத் தொடங்கினாள். "பரவாயில்ல டீச்சர். நானே பண்ணிடறேன்."

"வேண்டாம்மா, கழட்டாதே."

துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு டீச்சர் அட்டைக் குழாயின் முன்னால் போய் நின்றாள்.

"ம், விரட்டுங்க."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "உங்களை எப்படி டீச்சர்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒருத்தருக்கும் வசனம் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பெண்ணை விரட்டும்போது மட்டும் யாருக்கும் ஒரு எழுத்துகூட மறந்ததில்லை.