ஏரம்பு முறை

என் கணவருக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான் இருந்தான். அவன் பெயர் ஏரம்பு. என் மாமனாரின் பெயரும் அதுவே. மாமனார் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. அதனால் எதிரியையும் 'அந்த ஆள்' என்றே சொல்லிச் சமாளித்தேன். எழுதும்போது பரவாயில்லைத்தானே.

கணவர் சோமசேகரம் யாழ்ப்பாணக் கம்பஸில் இரசாயனவியல் படிப்பித்தார். சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைக்குப் போடும் பசளை நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குவதைக் கண்டு, அதைப் பிடிக்க வழி தேடினார். சுண்ணாம்பும் அலுமினிய உப்பும் சேர்த்து அவர் செய்த வெள்ளைத் தூள் படைபடையாக இருக்குமாம். நைத்திரேற்று அந்தப் படைகளுக்கு இடையில் போய் இருந்துகொள்ளுமாம். என் கண்ணுக்கு அது அரிசிமாதான். ஒருநாள் புட்டுக்குக் குழைக்கப் போய் நன்றாக ஏச்சு வாங்கினேன்.

எண்பத்தேழில் அந்தத் தூளைப் பற்றிய கட்டுரையை இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார். ஒரு படிவம் வந்தது, நிரப்பி அனுப்பினார். ஐப்பசியில் சண்டை தொடங்கிக் கம்பஸும் தபாலும் படுத்துவிட்டன. அச்சான பிரதி கைக்கு வரவேயில்லை.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் பேராசிரியர் பதவிக்கு நேர்முகம் என்று அறிவித்தார்கள். எழுதியது எத்தனை என்பதைவிட, அதை வேறு யார் மேற்கோள் காட்டினார்கள் என்றுதான் கேட்பார்களாம். லண்டனில் இருந்த கூட்டாளி தேவராசாவிடம் நூலகத்தில் பார்த்துச் சொல்லும்படி எழுதினார். சோமசேகரத்தை மேற்கோள் காட்டியவர் ஒரே ஒருவர், அவரும் சோமசேகரமே என்று பதில் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ பிடிக்க நினைத்த நைத்திரேற்றை இப்போது ஜேர்மன்காரரும் யப்பான்காரரும் 'ஏரம்பு முறை'யில் பிடிக்கிறார்கள், பெயரைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆள் போலிருக்கிறது, உனக்குத் தெரியுமா என்றும் கேட்டிருந்தார்.

அன்று தொடக்கம் வீடு வீடாக இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“உந்த ஏரம்பு என்ரை பிழைப்பைக் கெடுத்துப்போட்டான்.”

எதிரில் இருந்த மாமா, வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். “நான் என்ன மோனை செய்தனான்?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் பாவமாகவும் இருந்தது. பேராசிரியரின் பெண்சாதி என்ற பட்டம் எனக்கு வேண்டியதில்லை. தன் உழைப்பு ஒருவருக்கும் உதவவில்லை என்று அந்த மனிதர் முகட்டைப் பார்த்துக் கிடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேர்முகத்துக்குச் சற்று முன்னர், லண்டன் போயிருந்த தேவராசாவின் மைத்துனி கொழும்பு வழியாக வந்தாள். ஏரம்பு எழுதிய கட்டுரையைப் போட்டோப் பிரதி எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டிருந்தார். கணவர் கறுவிக்கொண்டே பிரித்தார். தலைப்பு அவருடையது. தூளும் அவருடையது. கிணறு எங்களுடையது. மேலே பெயர் மட்டும் 'எஸ். ஏரம்பு, யாழ்ப்பாணம்'.

“படிவத்திலை குடும்பப் பெயர் கேட்டவங்கள்” என்றார் மெல்ல. “நான் ஐயான்ரை பேரைப் போட்டனான்.”

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் அதைத் தூக்கிப் பின்னால் வைத்து, பிள்ளையை ஒற்றை எழுத்தாக்கிவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

ஏரம்புவும் சோமசேகரமும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் சிவசுப்பிரமணியத்திடம் சத்தியக் கடதாசி முடித்தார். அப்படியென்றால் உன்ரை ஐயா யார் என்று நீதவான் கேட்டாராம். நேர்முகத்திலும் சிரித்தார்களாம். பதவி கிடைத்தது.

பிறகு ஒருநாள் சஞ்சிகைக்குத் திருத்தம் எழுத உட்கார்ந்தார். தோட்டத்தால் வந்த மாமா என்ன எழுதுகிறாய் என்று விசாரித்தார். பெயரைச் சரிப்படுத்தப் போகிறேன் என்றார் இவர். மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நான் கொழும்புக்கே போகாதவன். என்ரை பேர் ஜேர்மனி வரைக்கும் போயிருக்கு. அதைத் திருப்பிக் கூப்பிடப் போறியோ?”

கணவர் பேனையை மூடிவிட்டார். அடுத்த கட்டுரையும் எஸ். ஏரம்பு என்றே போனது, அதற்கடுத்ததும்.

இப்போது கட்டுரையின் பிரதி கேட்டு வெளிநாட்டிலிருந்து அட்டைகள் வருகின்றன. கப்பலில் கிடந்து நாட்பட்டு வந்தாலும் வருகின்றன. விலாசத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துத் தபால்காரர் மாமாவிடமே கொடுக்கிறார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகனிடம் நீட்டுவார்.

“எனக்கு வந்திருக்கு மோனை. ஆறுதலாய் இருந்து ஒரு மறுமொழி எழுது.”